தார்ப்பாய் முனையில் ஒரு கல்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரோடு என்பது பஸ் போவதற்காகப் போட்டது என்ற எண்ணமே கிடையாது. நெல் காயப்போடத்தான் அரசாங்கம் தார் ஊற்றிக் கொடுத்திருக்கிறது, பஸ்காரன் இடையில் வந்து தொந்தரவு பண்ணுகிறான் என்றுதான் நினைக்கிறோம். ஊர்க் களத்தில் சமுதாயக்கூடம் கட்டியாயிற்று. கொள்முதல் நிலையத்திலோ ஈரம் பார்க்கும் மெஷினை நெல்லுக்குள் விட்டு, பதினேழுக்கு மேல் காட்டினால், "காய வச்சிக் கொண்டாரும்" என்று மூட்டையைத் திருப்பி விடுவார்கள். எங்கே போய்க் காய வைக்க? சீவலப்பேரி ரோட்டில் பாதியை அடைத்து விரித்துவிடுவோம். வண்டி ஏறாமல் இருக்க விளிம்பில் வரிசையாகக் கல் வைப்போம். நெல் கிடந்தால் கல் கிடக்கும். நெல்லை அள்ளிவிட்டால் கல்லும் ஓரத்துக்குப் போய்விடும். வண்டி ஓட்டுகிறவனுக்கும் இது தெரியும், எங்களுக்கும் தெரியும்.

வைத்தியலிங்கம் இதில் கொஞ்சம் கூடுதல் கவனம். ஆற்றுப்பாசனத்தில் சொந்த வயல் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று பயிர் செய்கிறவர். தன் கற்களுக்கெல்லாம் சுற்றிலும் சுண்ணாம்பு பூசி வைத்திருப்பார், மசங்கின நேரத்திலும் கண்ணில் படட்டும் என்று. "சைவக்காரரு கல்லுக்கும் திருநீறு பூசிட்டாரு" என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

போன பங்குனியில், பிசான அறுப்பு முடிந்து அவருடைய நெல் ரோட்டு வளைவில் காய்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் மேற்கே மலைப்பக்கம் திடீரென்று கறுத்தது. அவரும் மனைவி ஞானம்பாளும் கூலிக்கு வந்த வேணியும் பலகையைப் போட்டு இழுத்து நெல்லை ரோட்டோரத்தில் குவித்தார்கள். கற்களை வைத்தியலிங்கம்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரத்தில் அடுக்கினார். குவியலுக்கு ஒரு தார்ப்பாய் போதவில்லை. இன்னொன்று எடுத்துவர அவர் வீட்டுக்கு ஓடினார். வேணி தன் வீட்டு விறகு நனையுமே என்று கிளம்பிவிட்டாள். ஞானம்பாள் மட்டும் நின்றாள். காற்று தார்ப்பாயின் முனையைத் தூக்கித் தூக்கி அடித்தது. அந்த முனை ரோட்டின் மேல் நீண்டு கிடந்தது. அவள் ஓரத்திலிருந்து ஒரு கல்லைத் தூக்கி முனைமேல் வைத்தாள். மழை வந்துவிட்டது. புதுச் சுண்ணாம்பு மழையில் கரைந்து ஓடிவிட்டது.

அந்த நேரத்துக்குத்தான் அஜின் வந்தான். புன்னைக்காயலிலிருந்து பைக்கில் பெட்டி கட்டி மீன் கொண்டுவந்து ஊர் ஊராக விற்றுவிட்டு, வெறும் பெட்டியோடு திரும்பும் பையன். நெல் இல்லை என்று பார்த்தான், வேகத்தைக் குறைக்கவில்லை. கல்லில் ஏறிய பைக் அவனைத் தூக்கி எறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

போலீஸ் வந்து, "யாரு கல்லுய்யா இது?" என்று கேட்டது. ஞானம்பாள் வாயைத் திறப்பதற்குள் வைத்தியலிங்கம், "என் கல்லுதான் சார். நாந்தான் வச்சேன்" என்று சொல்லிவிட்டார். ஊர் முழுக்க அதை நம்பியது. அதன்பிறகு ஞானம்பாளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அது அவளுடைய சுபாவம். மகள் விஜயஸ்ரீயைப் பெண் பார்க்க வந்தவர்கள், பிள்ளை எப்படி என்று மரியாதைக்குக் கேட்டபோது, "நல்ல பிள்ளைதான். கோவம் சாஸ்தி. சமையல் சுமாரா இருக்கும்" என்று பதில் சொன்னவள். மாப்பிள்ளை வீட்டார் சிரித்துவிட்டதால் கல்யாணம் நடந்தது. பொய் சொல்லக்கூடாது என்ற கொள்கையெல்லாம் அவளுக்குக் கிடையாது. வராது, அவ்வளவுதான். சிலருக்கு நீச்சல் வராது என்பதுபோல.

ஆகவே ஆறு மாதமாக அவள் வாசலுக்கே வருவதில்லை. யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் அந்த வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியிருந்தது. தெருவில் பைக் சத்தம் கேட்டால் அவள் கை நின்றுவிடும். அடுத்த போகம், கார் நெல் அறுப்பு வந்தது. இந்தத் தடவை வைத்தியலிங்கம் நெல்லை ரோட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை. வயலில் வைத்தே ஈரநெல்லாக வியாபாரியிடம் கொடுத்துவிட்டார். வியாபாரி வாய்க்கு வந்த விலை சொன்னான், அவர் சரி என்றார்.

புரட்டாசியில் கோர்ட்டில் குற்றச்சாட்டு பதிவானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வக்கீல் பாலசுப்பிரமணியன் பாளையங்கோட்டையிலிருந்து வீட்டுக்கே வந்தான். ஞானம்பாளின் அண்ணன் மகன். கெட்டிக்காரன், கொஞ்சம் வேகக்காரன். அவன் வந்தால் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வேண்டும். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அவன் அடுப்படி வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, ரெண்டே வழிதான். ஒண்ணு, கேஸ நடத்துதது. இன்னொண்ணு, நாமளே மனுப் போட்டுக் குத்தத்த ஒத்துக்கிடுதது. சர்க்கார் வக்கீல், அந்தப் பையன் வீட்டாளுக எல்லாரும் உக்காந்து பேசி, நஷ்டஈடு, தண்டனை எல்லாத்தையும் ஒரு முடிவுக்குக் கொண்டாரலாம். புதுச் சட்டத்துல அதுக்குக் கெடு முப்பது நாளு."

"ஒத்துக்கிட்டா உள்ள போட்டுருவாகளா?" ஞானம்பாள் உள்ளே இருந்து கேட்டாள்.

"போடலாம், போடாமலும் விடலாம் அத்தை. சட்டத்துல அஞ்சு வருசம் வரைக்கும் இருக்கு. மாமாவுக்கு இதான் மொத கேஸு, வயசும் ஆயிட்டு. கொஞ்ச மாசத்தோட முடியலாம். நன்னடத்தைன்னு எழுதி வாங்கிட்டு வீட்டுக்கே அனுப்பலாம். அது நீதிபதி கையில இருக்கு. ஆனா ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டதுதான். பெறவு அப்பீலுன்னு போக முடியாது. செத்த பெறவும் குத்தவாளின்னுதான் பேரு."

"நடத்துனா?"

"நடத்துனா செயிக்கலாம். நான் அதத்தான் சொல்லுதேன். கல்ல வச்சத ஒருத்தனும் பாக்கல. மாமா போலீசுகிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்டுல செல்லாது. அத்தை மட்டும் கூண்டுல ஏறி, 'கல்ல பூரா ஓரமா எடுத்து வச்சிட்டோம், பெறவு எவன் நகத்துனான்னு தெரியாது'ன்னு ஒத்த வார்த்தை சொன்னாப் போதும். கேஸு ஒடஞ்சிரும்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"சர்க்கார் வக்கீலு எங்கிட்ட திருப்பிக் கேப்பாரா?"

"கேக்காம? குறுக்க மறுக்கக் கேப்பாரு. அந்தக் கல்ல வச்சது நீங்களா, ஒங்க வீட்டுக்காரரான்னு கேப்பாரு. தெரியாதுன்னு சொல்லணும். எத்தனை தடவை கேட்டாலும் தெரியாது. அவ்வளவுதான், அத்தை. இதுல பயப்பட என்ன இருக்கு?"

பயப்பட என்ன இருக்கு என்று அவனுக்குத் தெரியாது. அவனிடமும் அவர்கள் சொல்லியிருக்கவில்லை. சோறு அடிப்பிடித்த வாடை வந்தது. அப்போதும் ஞானம்பாள் அசையவில்லை. வைத்தியலிங்கம் எழுந்துபோய்ப் பானையை இறக்கி வைத்தார், வெறுங்கையால். சுட்டது அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

"ரெண்டு நாளு கழிச்சிச் சொல்லுதேன் மாப்ள" என்றார்.

பாலசுப்பிரமணியன் போனபிறகு இருவரும் பானைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். தீய்ந்த சோற்றை யாரும் தொடவில்லை.

"பழகிக்கிடுதேன்" என்றாள் ஞானம்பாள். "நீங்க அந்த வக்கீலு மாதிரிக் கேளுங்க. நான் தெரியாதுன்னு சொல்லுதேன். நாலு தடவை சொன்னா வந்துரும்."

வைத்தியலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். துண்டை எடுத்துத் தோளில் கறுப்புக் கோட்டுப்போலப் போட்டுக்கொண்டார். வேறு நேரமாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

"அம்மா, ஒங்க பேரு?"

"ஞானம்பாள்."

"அந்தக் கல்ல யாரு வச்சது?"

"தெரி..."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"மறுபடி கேளுங்க."

"கல்ல யாரு வச்சது?"

"எனக்கு... எனக்கு என்னத்தத் தெரியும்?"

"அப்படிச் சொல்லக்கூடாதுளா. தெரியாதுன்னு சொல்லு. கல்ல யாரு வச்சது?"

"நான்" என்றாள். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. வைத்தியலிங்கம் அவளையே பார்த்தார். நாலு சுவருக்குள்ளேயே இப்படி வருகிறது என்றால், நூறு பேருக்கு முன்னால் கோட்டுப் போட்டவன் விரலை நீட்டிக் கேட்டால் என்ன ஆகும்? அந்த இடத்திலேயே கேஸ் அவள் பக்கம் திரும்பிவிடும். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

"வேண்டாம். ஒத்துக்கிடுததுதான் சரி. மனுப் போட்டாச்சுன்னா ஒன்னக் கூண்டுல ஏத்தவே மாட்டாக. ஒருத்தரும் ஒங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாக."

"நான் செஞ்சதுக்கு நீங்க உள்ள போகணுமா? நானே போயிச் சொல்லிருதேன்."

"சொல்லிருவியா? சொல்லிட்டு ஒன்ன உள்ள கொண்டுபோயி வச்சிட்டா நான் இங்கன என்ன செய்ய? எனக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியுமா? ஒனக்கு அங்கன படுக்க முடியுமாளா? ராத்திரி ஒரு கரப்பான் பூச்சி வந்தாலே என்ன எழுப்புதவ."

"வெளையாடாதீங்க."

"வெளையாடல. எனக்குப் பயமா இருக்கு ஞானம்" என்றார் வைத்தியலிங்கம். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. "நான் உள்ள போறத நெனச்சாப் பயந்தான். அதுகூடப் பரவாயில்ல. ஒன்னக் கூட்டிட்டுப் போறத நெனச்சா எனக்கு மூச்சு முட்டுது. மேல ஒண்ணும் பேசாத."

அவள் பானையைப் பார்த்தபடி கேட்டாள்: "ஒங்களுக்கு மட்டும் அந்தப் பொய் வருமா?"

"எனக்கென்ன, மாட்டுத் தரகன்கிட்ட காலமெல்லாம் பேசுனவன். நாந்தான் வச்சேன்னு போலீசுகிட்ட சொல்லும்போது கொரல் நடுங்குச்சா? நீ ஒண்ணே ஒண்ணு செய்யி. கோர்ட்டுல வாயத் தொறக்காத."

"யாரும் கேக்காட்டி நான் சொல்ல மாட்டேன்" என்றாள். அதற்கு மேல் அவளால் வாக்குக் கொடுக்க முடியவில்லை.

பாலசுப்பிரமணியனுக்கு ஏகக் கோபம். "கையில இருக்கிற கேஸ யாராவது தூக்கிக் குடுப்பாகளா மாமா" என்று போனில் கத்தினான். ஆனாலும் மனுப் போட்டான்.

கோர்ட்டுக்குப் போன அன்று காலையிலேயே வெயில் எரிந்தது. மழைக்கு முந்தின வெயில். தானாக விரும்பித்தான் ஒப்புக்கொள்கிறாரா, யாரும் மிரட்டினார்களா என்று நீதிபதி அவரைத் தனியாக விசாரிப்பார், அப்போது எதிர்த்தரப்பு உள்ளே இருக்கக்கூடாது, பிறகு அவர்களையும் கூப்பிட்டுச் சம்மதம் கேட்பார் என்று பாலசுப்பிரமணியன் சொல்லியிருந்தான். டவாலி பெயரைக் கூப்பிட்டான். வைத்தியலிங்கம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கோவிலுக்குள் போகிறவர் மாதிரி. "செருப்பப் போட்டுக்கிட்டு வாங்க மாமா" என்று அவரை உள்ளே கூட்டிப்போனான் வக்கீல். கதவு மூடிக்கொண்டது.

வராண்டாவில் ஒரே ஒரு பெஞ்சு. ஞானம்பாள் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தாள். மறு முனையில் ஒரு பெண். விஜயஸ்ரீ வயதுதான் இருக்கும். கழுத்தில் செபமாலை. பக்கத்தில் நின்ற கிழவரைப் பார்த்து, "மாமா, நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க, காலையிலருந்து வெறும் வயித்தோட நிக்கீங்க" என்றாள். அந்தக் கிழவர் தொம்மை, அஜினின் அப்பா என்று பாலசுப்பிரமணியன் காலையிலேயே காட்டியிருந்தான். அவர் கைத்தடியை ஊன்றி மெல்ல நடந்து போனார். அப்படியானால் இவள் கிரேஸி. அஜினின் மனைவி.

ஞானம்பாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து வேறெங்காவது போய்விடலாமா என்று பார்த்தாள். அதற்குள் அந்தப் பெண் கேட்டாள்:

"நீங்கதான அவரு வீட்டம்மா?"

"ஆமா தாயி."

"நான் சண்டைக்கு வரலம்மா. அழுதெல்லாம் முடிஞ்சிட்டு" என்றாள் கிரேஸி. அவள் ஞானம்பாளைப் பார்க்காமல் மூடிய கதவைப் பார்த்தபடியே பேசினாள். "எங்க வீட்டுக்காரரு அந்த வளைவப் பத்தி எங்கிட்ட சொல்லிருக்காவ. அங்கன ஒருத்தரு நெல்லு போடுவாரு, கல்லுக்கெல்லாம் வெள்ளை அடிச்சி வச்சிருப்பாரு, நல்ல மனுசன், அங்கன மட்டும் பயமே இல்லன்னு சொல்லுவாவ. நெல்லு கெடந்த அன்னைக்கெல்லாம் ஒண்ணும் ஆவல. நெல்லு இல்லாத அன்னைக்கு ஒத்தக் கல்லு எதுக்கு ரோட்டுல இருந்துச்சு? வெள்ளை அடிக்கிற மனுசன் அப்படி வைப்பாரா? எனக்கு அது ஒண்ணுதான் வெளங்கல. அத யாரும்மா வச்சா?"

ஆறு மாதத்தில் அந்தக் கேள்வியை ஞானம்பாளிடம் நிஜமாகக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

ஞானம்பாள் கதவைப் பார்த்தாள். உள்ளே அவர் நின்றுகொண்டிருப்பார். தெரியாது என்ற வார்த்தையைத் தேடினாள். வீட்டில் அன்றைக்கு ஒத்திகை பார்த்த வார்த்தை. நாக்கு ஒட்டிக்கொண்டது.

"நான் வச்சேன் தாயி. தார்ப்பாய் முனை காத்துல பறந்துச்சு. அந்த முனை ரோட்டு மேல கெடந்தது. கல்லத் தூக்கி அது மேல வச்சேன். நெல்லு நனஞ்சிரக் கூடாதுன்னுதான் பாத்தேன், ரோட்டப் பாக்கல. அவுக வீட்டுக்குப் பாய் எடுக்கப் போயிருந்தாக. அவுக இருந்திருந்தா வைக்க விட்டுருக்க மாட்டாக."

கிரேஸி இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் உதடு ஏதோ சொல்ல வந்தது. அதற்குள் கதவு திறந்தது.

"கிரேஸி, தொம்மை. ரெண்டு பேரும் உள்ள வாங்க."

தொம்மை அப்போதுதான் டீக்கடையிலிருந்து வந்து சேர்ந்தார். கிரேஸி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

வைத்தியலிங்கம் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு.

"தட்டுத் தடங்கல் இல்லாமச் சொல்லிட்டேன்" என்றார் மெதுவாக. "யாரும் பயமுறுத்துனாகளான்னு ரெண்டு தடவை கேட்டாக. இல்லைங்கய்யா, நாந்தான் வச்சேன், என் கல்லுதான்னு சொன்னேன். ஒன் பேரே வரல. என்னளா, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"வெயிலு."

அது பொய்யில்லை, வெயிலும் இருந்தது.  என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் கோர்ட்டை ஏமாற்றினவர் ஆவார், இவள் குற்றவாளி ஆவாள், இரண்டு பேரையும் இப்படியே கூட்டிப்போவார்கள். வீட்டுச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்றுகூட யோசித்துவிட்டாள். இதை இவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் அவர் முகத்தில் இருந்த அந்தத் தெளிவைப் பார்த்தபிறகு வாய் வரவில்லை. கதவுக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. ஆண் குரல், பெண் குரல், பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஒரு போலீஸ்காரர் வராண்டாவில் இவர்களை நோக்கி வந்தார். அவள் வைத்தியலிங்கத்தின் கையை இறுகப் பிடித்தாள். போலீஸ்காரர் தாண்டிப் போய்விட்டார்.

பாலசுப்பிரமணியன்தான் முதலில் வந்தான்.

"முடிஞ்சிட்டு மாமா. அவங்களுக்குச் சம்மதம். செயில்ல போட்டே ஆகணும்னு கேக்கலன்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டு. தண்டனை அடுத்த வாய்தாவுல சொல்லுவாக. வாங்க, கையெழுத்துப் போடணும்."

வைத்தியலிங்கமும் வக்கீலும் போனார்கள். தொம்மை கதவோரம் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிரேஸி நேராகப் பெஞ்சுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதீங்க" என்றாள் தணிந்த குரலில்.

"இல்ல தாயி."

"சொல்லணும்னுதான் போனேன். வாய் வரைக்கும் வந்துட்டு. அவரு எழுதிக் குடுத்தத ஜட்ஜய்யா படிச்சாவ. எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டாரு, வேற யாருமே அன்னைக்கு அங்கன இல்லாத மாதிரி. எங்க வீட்டுக்காரரும் எனக்கு அப்படித்தான் செஞ்சிருப்பாவ." அவள் செபமாலையை விரலில் சுற்றி அவிழ்த்தாள். "நீங்க எங்கிட்ட சொன்னத அவருகிட்டச் சொல்லாதீங்க. அவரு செஞ்சது வீணாப் போயிரும்."

"எனக்கு ஒளிக்க வராது தாயி."

"வர வச்சிக்கிடுங்க. எனக்காவ இது ஒண்ணயாவது செய்ங்க."

அவள் மாமனாரைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஞானம்பாள் எழுந்து நின்று கும்பிட்டாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் சீவலப்பேரி பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இறங்கினபிறகு பஸ்ஸில் சத்தம் இல்லை. வைத்தியலிங்கம் அடுத்த வாய்தாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். போட்டால் எத்தனை மாதம் போடுவான், பசுவை யார் பார்ப்பது, விஜயஸ்ரீயை வந்து கூட இருக்கச் சொல்ல வேண்டும் என்றெல்லாம். பேச்சு தைரியமாகத்தான் இருந்தது. கை மட்டும் முன்சீட்டுக் கம்பியை விடவில்லை.

வளைவு வந்தது. பக்கத்து வயல்காரர் சுடலைமாடனின் நெல் பாதி ரோட்டை அடைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. விளிம்பில் கல் வரிசை. டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, பைய ஓட்டினார்.  தாண்டும்வரை வைத்தியலிங்கம் அந்தக் கல் வரிசையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போலத் திரும்பினார்.

"நான் கையெழுத்துப் போட்டுட்டு வரும்போது பாத்தேன். அந்தப் பிள்ளை ஒங்கிட்ட நின்னு பேசிட்டுப் போச்சே. என்ன கேட்டுச்சு?"

ஞானம்பாள் மடியில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "இன்னைக்கு மழை வருமான்னு கேட்டுச்சு."

நாக்கு ஒட்டவில்லை. குரல் நடுங்கவில்லை. வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்கே பயமாக இருந்தது.

வைத்தியலிங்கம் சன்னல் வழியாகக் குனிந்து மேற்கே பார்த்தார்.

"வரும்" என்றார்.